அந்த பீப்பை நிப்பாட்டாதேங்கோ

போன எபிசோடின் கடைசியில் மின்சார யூனிசைக்கிள் பற்றி ஒரு இரண்டு நிமிஷம் கதைத்தேன். அதற்குப் பிறகு வந்த கேள்விகள் கிட்டத்தட்ட எல்லாம் ஒன்றுதான்: “அண்ணா, பழக எத்தனை நாள் எடுக்கும்?”

எனக்கு ஆறு நாள் எடுத்தது. ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம். அதற்கு மேல் நின்றால் பாதம் இரண்டும் நெருப்பு மாதிரி எரியும். ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது இல்லை. அந்த ஆறு நாளில் எத்தனை தரம் விழுந்தேன் என்று கணக்கே இல்லை, ஆனால் ஒரு கீறல்கூடப் படவில்லை. என் கை முறிந்தது இரண்டாம் மாதம். எல்லாம் வந்திட்டுது என்று நினைத்த பிறகு.

காணாதவர்களுக்குச் சொல்லுறேன். ஒரே ஒரு சில்லு, அதன் இரண்டு பக்கமும் கால் வைக்க மடிக்கிற மிதி. அவ்வளவுதான். இருக்கை இல்லை, ஹேண்டில் இல்லை, பிரேக் பிடி இல்லை. முன்னுக்குச் சாய்ந்தால் போகும், பின்னுக்குச் சாய்ந்தால் நிற்கும். நான் வாங்கினது ஒரு பழைய 16 இஞ்சி மெஷின், 14 கிலோ, ஏற்கனவே நாலு பேரின் கையில் அடிபட்டது. முதல் மெஷின் அப்படித்தான் இருக்க வேண்டும். புதுசை வாங்கிச் சுவரில் உரசினால் மனசு தாங்காது.

நான் இருப்பது லண்டனில். இங்கே இதை ரோட்டில் ஓட முடியாது, சைக்கிள் பாதையிலும் ஓட முடியாது, நடைபாதையில் கேட்கவே வேண்டாம். நடைபாதைக்கு இன்றைக்கும் பிடிக்கிற சட்டம் 1835இல் எழுதினது, விக்டோரியா ராணியாக வருவதற்கும் முன்னம். தனியார் காணியில், காணிக்காரர் ஓமெண்டால் மட்டும் ஓடலாம். அதனால் ஞாயிறு பின்னேரங்களில் மாமாவின் காஷ் அன்ட் கரிக்குப் பின்னால் இருக்கிற யார்டுக்குப் போனேன். மாமா அரிசி மூட்டை எண்ணுறதை விட்டிட்டு வந்து, சுற்றி நடந்து பார்த்தார். “உதென்ன தம்பி, மற்றச் சில்லுக்குக் காசு காணாமப் போச்சோ?”

முதல் நாள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் போனது மட்டும்தான். இந்த மெஷின் முன்பின் சமநிலையை மட்டுமே பார்க்கும். இடம் வலமாகச் சரியாமல் இருப்பது முழுக்க உங்கள் வேலை, சைக்கிளில் போலத்தான். சைக்கிள் மெதுவாகப் போனால் ஆடும், கொஞ்சம் வேகம் பிடித்தால் நேராக நிற்கும் இல்லையா, இதுவும் அப்படித்தான். பயத்தில் நடை வேகத்துக்கும் குறைவாகப் போகிறோம், அதனாலேயே ஆடுகிறது, ஆடுவதால் இன்னும் பயப்படுகிறோம். இந்த வட்டத்துக்குள் நான் மூன்று நாள் கிடந்தேன்.

நாலாம் நாள் என்னை விடுவித்தது ஒரு சின்ன விஷயம்: காலைப் பார்க்கிறதை நிப்பாட்டினேன். யார்டின் அந்தப் பக்கம் இருந்த நீலக் கன்டெய்னரைப் பார்த்துக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, வேலியை விட்டேன். பத்து மீற்றர் போனேன். கன்டெய்னரில் முட்டினேன் என்பது வேறு கதை, திருப்பப் பழகியிருக்கவில்லை. திருப்பம் அடுத்த நாள் வந்தது. எந்தப் பக்கம் போக வேணுமோ அந்தப் பக்கம் தலையும் இடுப்பும் திரும்பினால் மெஷின் பின்னால் வரும். கடைசியாகத்தான் ஏறுவது வந்தது: ஒரு காலை மிதியில் வைத்து, மெஷினைக் கெண்டைக்காலோடு அணைத்து, மற்றக் காலால் உந்தித் தள்ளி ஏற வேண்டும். ஸ்டோரில் வேலை செய்கிற இரண்டு பேர் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இதையெல்லாம் பார்த்தார்கள். முப்பத்தைந்து வயதில், மனிசர் முன்னால், ஒன்றும் தெரியாதவனாக நிற்பது என்ன என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் பரீட்சையில் வராததைத் தொடாமலே வளர்ந்த ஆள் நான். மாமாவின் சின்ன மகள் இரண்டு பின்னேரத்தில் பழகிவிட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கட்டத்தில் பெரிய ஆபத்து இல்லை. வேகம் இல்லை, விழுந்தால் ஓடி இறங்கலாம். ஹெல்மெற், முழங்கால் கவசம், மணிக்கட்டுக் கவசம் எல்லாம் போட்டிருந்தேன், பயம் இருந்ததால்.

பயம் போன பிறகு என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல, உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கிற சென்சர்கள் நீங்கள் எவ்வளவு சாய்ந்திருக்கிறீர்கள் என்று விடாமல் அளக்கும். நீங்கள் முன்னுக்குச் சாய, மோட்டர் சில்லை முன்னுக்கு ஓடவைத்து மிதியைத் திரும்ப மட்டமாக்கப் பார்க்கும். ஆகவே அந்த மோட்டர் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. உங்களைக் கொண்டுபோகிறது, முகங்குப்புற விழாமல் தாங்கியும் பிடிக்கிறது. இரண்டுக்கும் ஒரே பலத்திலிருந்துதான் எடுக்கிறது.

அந்தப் பலம் நிலையானது இல்லை. சுழலுகிற மோட்டர் ஜெனரேட்டர் மாதிரி ஒரு எதிர் வோல்டை உண்டாக்கும். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். பற்றரியின் வோல்டுக்கும் அந்த எதிர் வோல்டுக்கும் நடுவில் மிச்சம் இருக்கிற இடைவெளிதான் உங்களைத் தாங்குகிற பலம். என் மெஷினில் 16 செல் வரிசையாக இருக்கிறது. முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட், மொத்தம் 67.2. செல் 3.3க்கு இறங்கினால் மொத்தம் 53க்கும் குறைவு. அதாவது காலையில் பிரச்சினையில்லாமல் போன அதே வேகம், பின்னேரம் பற்றரி இறங்கிய பிறகு விளிம்பில் நிற்கிற வேகம். குளிர் என்றால் செல்லின் உள் தடை கூடி, கேட்கிற நேரத்தில் வோல்ட் இன்னும் சரியும். இடைவெளி முடிந்தால் மெஷின் மெதுவாக நிற்காது. தாங்குவதைத்தான் நிறுத்தும்.

2001இல் டீன் கேமன் செக்வேயைக் கொண்டுவந்தபோது இதை யோசித்துத்தான் செய்தார். அதில் ஜைரோ ஐந்து, பற்றரி இரண்டு, கட்டுப்பாட்டு போர்ட் இரண்டு, மோட்டருக்குள் சுருளும் இரட்டை. ஒரு பாதி செத்தால் மற்றப் பாதி உங்களைப் பத்திரமாக நிறுத்தும். அதற்கு விலை கிட்டத்தட்ட 5,000 டொலர், பாரமும் அப்படி. 2020இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். ஒற்றைச் சில்லு மெஷின்கள் மலிவாகவும் தூக்கிக்கொண்டு போகக்கூடியதாகவும் வந்ததற்கு ஒரு காரணம், பெரும்பாலும் அந்த இரண்டாவது பாதி இல்லாததுதான். சேர்வர் ரூமில் வேலை செய்கிற ஒருவரிடம் ஃபெயிலோவர் இல்லாத சிஸ்டம் ஒன்றைக் காட்டினால் அவர் அதில் கைகூட வைக்க மாட்டார். அதே ஆள், அதாவது நான், அதன்மேல் ஏறி நிற்கிறேன்.

இரண்டாவது பாதிக்குப் பதிலாக நமக்குத் தந்திருப்பது ஒரு பீப் சத்தமும், டில்ட்பேக் என்ற ஒரு ஏற்பாடும்தான். மிச்சம் இருக்கிற இடைவெளி குறைந்தால் பீப் அடிக்கும். அதற்கும் கேட்காவிட்டால் மிதியின் முன்பக்கம் மேலே எழும்பி உங்களைப் பின்னுக்குத் தள்ளி வேகத்தைக் குறைக்கும். இரண்டையும் ஃபோன் ஆப்பில் மாற்றலாம். என் மெஷினில் முதல் அலாரத்தை நிப்பாட்ட ஒரு தட்டுப் போதும்.

ஐந்தாம் கிழமை நான் அதைத் தட்டினேன். காரணம் கேட்டால் வெட்கமாக இருக்கிறது: சத்தம் எரிச்சலாக இருந்தது. டில்ட்பேக்கையும் போகக்கூடிய அளவு மேலே தூக்கி வைத்தேன். இத்தனைக்கும் என் தொழிலில் இதே பிழையால் ஒரு ஞாயிறு இரவு நித்திரை போயிருக்கிறது. டிஸ்க் 80 சதவீதம் என்று தினம் வந்த எச்சரிக்கையை யாரோ மியூட் பண்ணி வைத்திருந்தார்கள். டேட்டாபேஸ் படுத்த பிறகுதான் அது எங்களுக்குத் தெரிய வந்தது. அடுத்த நாள் மீட்டிங்கில் எச்சரிக்கையை மியூட் பண்ணாதீர்கள் என்று ஸ்லைட் போட்டு விளங்கப்படுத்தினதும் நான்தான்.

நவம்பரில் பாரிசுக்குப் போனேன். சித்தியின் மகன் பொபினியில் இருக்கிறான், எனக்கு இந்த ஆசையை ஊட்டினவனே அவன்தான். பிரான்சில் 2019இலிருந்து இதற்கு ஒழுங்கான சட்டம் இருக்கிறது: சைக்கிள் பாதையில் ஓடலாம், 25 கிலோமீற்றருக்கு மேல் கூடாது, காப்புறுதி வேண்டும், நடைபாதையில் ஏறக் கூடாது. உர்க் கால்வாய் ஓரத்துப் பாதையில் காலையில் வேலைக்குப் போகிற சனத்தோடு சனமாக இவனும் போவான். யார்டில் வட்டம் அடித்த எனக்கு அது சொர்க்கம். அவனுடைய பழைய மெஷினைத் தந்தான், என்னுடையது மாதிரிதான். புறப்பட முன்னம் ஆப்பைத் திறந்து அலாரத்தை நிப்பாட்டினேன். “அண்ணா, அதை விடுங்கோ” என்றான். “எனக்குப் பழக்கமடா” என்றேன்.

திரும்பி வரும்போது பற்றரி 20 சதவீதத்துக்குக் கீழ். கை விறைத்ததால் கம்பளிக் கையுறை போட்டிருந்தேன், அதற்கு மேல் மணிக்கட்டுக் கவசம் ஏறவில்லை, பையில் இருந்தது. பாதை ஒரு இடத்தில் சின்னதாக மேலே ஏறும். அவனைப் பிடிக்க வேணும் என்று முன்னுக்குச் சாய்ந்தேன். அப்போது போன வேகம் 27, சட்டத்துக்கு மேல், அதையும் ஒளிக்காமல் சொல்லுறேன். காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போனது. ஒரு சத்தமும் இல்லை. சத்தத்தை நிப்பாட்டினது நான்தானே.

விழுகிற மனிசர் கையை நீட்டுவார். அதை யோசித்துச் செய்ய நேரம் இல்லை, உடம்பு தானாகச் செய்யும். மணிக்கட்டில் ஸ்கஃபொயிட் என்று ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. இரத்த ஓட்டம் குறைவான எலும்பு, ஆறுவதற்கு நாள் எடுக்கும், முதல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியவே தெரியாது. எனக்கும் முதலில் சுளுக்கு என்றுதான் நினைத்தார்கள். பிறகு எட்டுக் கிழமை பிளாஸ்டர். ஹெல்மெற்றில் ஒரு வெடிப்பு, அதைப் பற்றி அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

கொன்ட்ராக்ட் வேலை என்றால் உங்களில் சிலருக்குத் தெரியும்: வேலை செய்த நாளுக்குத்தான் காசு, சுகவீன லீவு என்று ஒன்று இல்லை. அடுத்த திங்கள் தொடங்க இருந்தது ஒரு டேட்டா சென்டர் மாற்றம், ராக்கிலிருந்து சேர்வர் கழற்றி ஏற்றுகிற வேலை. ஒற்றைக் கையோடு போக முடியாது. வேறு ஆளை எடுத்தார்கள். அந்த இரண்டு மாத வாடகையைச் சேமிப்பிலிருந்து எடுத்தேன்.

இதனால்தான் ஆப்பில் அந்த அலாரம் ஒரு தட்டில் நிற்கக் கூடாது என்கிறேன். என் மெஷின், என் விருப்பம் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வார்கள். எனக்கும் அந்த வாதம் பிடிக்கும். வாங்கின ஃபோனை எல்லாம் ரூட் பண்ணிப் பார்த்த ஆள் நான். ஆனால் ஃபோன் செத்தால் ஃபோன்தான் சாகும். குறைந்தது முதல் 500 கிலோமீற்றருக்காவது அது பூட்டி இருக்கட்டும். ஓடின தூரத்தை மெஷினே எண்ணி வைத்திருக்கிறது, இதைச் செய்வது ஒரு ஃபேர்ம்வேர் வரி.

இன்னொரு வாதமும் வரும்: எப்படியும் பிறகு பெரிசு வாங்கத்தான் போகிறாய், முதலே பெரிய மெஷினை வாங்கு, வோல்ட் கூட, இடைவெளியும் கூட. கணக்குச் சரி. 100 வோல்ட்டுக்கு மேற்பட்ட மெஷினில் 25இல் போகிறவருக்கு நிறைய மிச்சம் இருக்கும். ஆனால் அது கையில் இருக்கும்போது யார் 25இல் போகிறார்கள்? அதோடு, ஏறத் தெரியாத நாளில் 35 கிலோ மெஷின் கணுக்காலில் சரிந்தால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கோ. பழகுவது சின்னதில். அலாரம் போட்டபடி. மணிக்கட்டுக் கவசத்தை முதல் கிழமையை விட இரண்டாம் மாதம் மறக்காமல் போடுங்கோ, கையுறையை அதற்கு ஏற்ற மாதிரி மெல்லிசா வாங்குங்கோ. நீங்கள் இருக்கிற நாட்டில் எங்கே ஓடலாம் என்று முதலே பார்த்துக்கொள்ளுங்கோ, நாட்டுக்கு நாடு சட்டம் வேறு.

பிளாஸ்டர் வெட்டி மூன்று கிழமைக்குப் பிறகு திரும்ப யார்டுக்குப் போனேன். எல்லா அமைப்பையும் கடையிலிருந்து வந்தபடி திருப்பி வைத்திருந்தேன். நாலு சுற்றுச் சுற்றின பிறகு மெஷின் பீப் அடிக்கத் தொடங்கியது. மாமா கதவடியில் நின்று கேட்டார்.

“உது ஏன் கத்துது?”

“பற்றரி குறையுதாம் மாமா.”

“அப்ப இறங்கன்.”

இறங்கினேன்.