கடல் தொட்டி வைக்கப் போறீங்களா? அலமாரியிலிருந்து ஆரம்பிங்க

1/ போன வாரம் எங்க வீட்டு மீன் தொட்டி படத்தைப் போட்டதிலிருந்து இன்பாக்ஸ் முழுக்க ஒரே கேள்விதான். "டாக்டர், 6 அடி கடல் தொட்டி எவ்வளவு ஆச்சு? யார் செஞ்சாங்க? பவளம் எங்க கிடைக்கும்?" தனித்தனியா பதில் சொல்லி மாளல. மொத்தமா இங்கேயே எழுதுறேன். கொஞ்சம் நீளமாப் போகும். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

2/ என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். கண்ணாடித் தொட்டிக்கு ஆகுற செலவைப் போல ரெண்டு பங்கை, அதுக்குக் கீழ கதவு சாத்திக் கிடக்கிற அலமாரிக்குச் செலவழிக்க மனசு இல்லைன்னா, கடல் தொட்டி வேண்டாம். பவளம் கேட்டவங்களுக்கு என் பதில்: வேண்டவே வேண்டாம். ரெண்டுக்கும் காரணம் சொல்றேன்.

3/ படத்துல நீங்க பார்த்தது என்னோட ரெண்டாவது தொட்டி. முதல் தொட்டி செத்துப் போச்சு. அதை யாருக்கும் சொன்னதில்ல. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எனக்கு நைட் டியூட்டி. மழையில வீட்டுக்கு வர முடியல, மறுநாளும் ஆஸ்பத்திரியிலேயே இருந்தேன். வீட்ல கரண்ட் இல்ல. வீட்டம்மா போன் பண்ணி, "தொட்டியில சத்தமே இல்லைங்க, என்ன செய்யணும்?"னு கேட்டாங்க. "ஒண்ணும் ஆகாது, வந்துடும்"னு சொல்லிட்டு அடுத்த கேஸைப் பார்க்கப் போயிட்டேன்.

4/ வீட்டுக்கு வந்தப்போ 9 மீன்ல 7 மிதந்துட்டு இருந்துச்சு. நோய் இல்ல, விஷம் இல்ல. மூச்சுத் திணறி செத்திருக்கு. நல்ல தண்ணியை விடக் கடல் தண்ணியில கரையுற ஆக்ஸிஜன் குறைவு, சூடு ஏற ஏற இன்னும் குறையும். பம்ப் நின்னு மேற்பரப்பு அசையலைன்னா உள்ள இருக்கிற காத்து தீர்ந்துடும். எம்.பி.பி.எஸ். படிச்சவனுக்கு இதை யாரும் சொல்லித் தரணுமா?

5/ என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ். அவ கேட்டா: "உங்க ஆஸ்பத்திரியில கரண்ட் போனா ஜெனரேட்டர் ஓடுமே. இதுக்கு ஏன் வைக்கல?" என்கிட்ட பதில் இல்ல. 6 அடி கண்ணாடிக்கும் வண்ண விளக்குக்கும் காசு இருந்துச்சு. சில நூறு ரூபாய்க்கு வர்ற பேட்டரி ஏர் பம்ப் வாங்கத் தோணல. ஏன்னா அது படத்துல தெரியாது.

6/ எங்க தெருவுல தறி ஓட்டுற அண்ணன் ஒருத்தர் இருக்கார். காஞ்சிபுரத்துக் குழித்தறியைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். மேல கை ஓடுறதும் சரிகை மின்னுறதும்தான் கண்ணுக்குப் படும். கீழ குழிக்குள்ள கால் மிதிச்சுட்டே இருக்கும். மழைக்காலத்துல குழியில தண்ணி ஊறினா, மேல எவ்வளவு நல்ல பட்டு இருந்தாலும் தறி நின்னுடும். செத்த தொட்டியை எட்டிப் பார்த்துட்டு அவர் சொன்னார்: "டாக்டரே, குழியைக் கவனிக்காம சேலைக்கு ஆசைப்பட்டுட்டீங்க." அன்னைக்குத்தான் எல்லாத்தையும் கீழயிருந்து திருப்பி ஆரம்பிச்சேன்.

7/ முதல்ல எடை. 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினா சுமார் 680 லிட்டர். கடல் தண்ணி கொஞ்சம் கனம் கூட, அதனால 700 கிலோ கிட்ட வரும். கண்ணாடி, கல், மணல், கீழ இருக்கிற தண்ணி, அலமாரி எல்லாம் சேர்த்தா ஒரு டன்னைத் தாண்டும். நம்ம நாட்டுக் கட்டட விதிப்படி வீட்டுத் தளத்துக்கு எடுக்கிற பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. இந்தத் தொட்டி நிக்கிற இடம் ஒரு சதுர மீட்டருக்குச் சற்றுத்தான் மேல. அந்த இடத்துக்கு மட்டும் கணக்கு போட்டா 5 மடங்கு கிட்ட வருது.

8/ அதனால உடனே தளம் இடிஞ்சிடும்னு அர்த்தமில்ல. பீம் எங்க இருக்கு, சுவர் எங்க இருக்குங்கிறதைப் பொறுத்தது. ஆனா மாடியில வைக்கிறவங்க ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டாம வைக்காதீங்க. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுன்னா மாடியை மறந்துடுங்க. நான் கீழ்த்தளத்துல, சுவரோரமா, சிமெண்ட் மேடை போட்டு வெச்சிருக்கேன்.

9/ அடுத்தது அலமாரி மரம். துகள் பலகை, எம்.டி.எஃப். எல்லாம் ஈரத்துல பொரி மாதிரி உப்பிடும். கொதிநீர் தாங்குற பி.டபிள்யூ.பி. ப்ளைவுட் கேளுங்க, ஐ.எஸ். 710 முத்திரை இருக்கணும். எடையைப் பவுடர் கோட்டிங் பண்ணின இரும்புச் சட்டம் தாங்கட்டும், பலகை மூடி வைக்க மட்டும். கீல், திருகு எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. சாதா கீல் உப்புக் காத்துல சீக்கிரமே பல்லை இளிக்கும்.

10/ என் முதல் அலமாரியில நடந்த கூத்து: கீழ் தொட்டியை உள்ள வெச்ச பிறகு ஆசாரி பலத்துக்குன்னு நடுவுல ஒரு கால் அடிச்சுட்டார். பார்க்க அம்சமா இருந்துச்சு. கீழ் தொட்டியில கசிவு வந்தப்போதான் தெரிஞ்சுது, அதை வெளிய எடுக்க வழியே இல்ல! குழந்தை பிறக்க வழி இல்லாம வயித்தைத் தெச்ச கதை. கீழ இருக்கிற எதையும் மேல் தொட்டியைக் காலி பண்ணாமலே கழட்டி எடுக்க முடியணும். கதவை அந்த அளவுக்கு விடுங்க.

11/ அந்தக் கீழ் தொட்டிக்கு சம்ப்னு பேர். வீட்டுத் தண்ணி சம்ப் இல்ல, இது வேற. மேலயிருந்து வழியுற தண்ணி இங்க வந்து சுத்தமாகித் திரும்ப மேல போகும். இதுதான் தொட்டியோட சிறுநீரகம். இதுல இருக்கிற ஸ்கிம்மர்ங்கிற கருவி நுண்ணிய காத்துக் குமிழிகளை விடும். கழிவுப் புரதம் குமிழியில ஒட்டி நுரையா மேல வந்துடும். சிறுநீர்ல புரதம் போனா நுரைக்குதுல்ல? கிட்டத்தட்ட அதே சமாச்சாரம். அங்க அது நோயோட அடையாளம், இங்க அதுவே வைத்தியம்.

12/ கரண்ட் போனா மேலயிருந்து கொஞ்சம் தண்ணி கீழ வடியும். 6க்கு 2 அடி தொட்டியில ஒரு அங்குலம் இறங்கினாலே 28 லிட்டர்! அதைத் தாங்குற காலி இடம் சம்ப்ல எப்பவும் இருக்கணும். திரும்பிப் போற குழாய் வழியாவும் தண்ணி பின்னோக்கி உறிஞ்சி இறங்கும். அதைத் தடுக்க, நீர்மட்டத்தை ஒட்டி அந்தக் குழாய்ல ஒரு சின்ன ஓட்டை போடணும். மீன் விடுறதுக்கு முன்னாடி பத்து தடவையாவது சுவிட்சை அணைச்சுப் பாருங்க. தரை நனையலைன்னா பாஸ்.

13/ இனி உங்க உயிர் சம்பந்தப்பட்டது. உப்புத் தண்ணி, ஈரக் கை, மின்சாரம், மூணும் ஒரே அலமாரிக்குள்ள. "எங்க வீட்ல எம்.சி.பி. இருக்கே"ன்னு சொல்லாதீங்க. எம்.சி.பி. ஒயரைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்தாது. 30 மில்லி ஆம்பியர் கசிவுலயே துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேணும். பிளக் பாயிண்ட் எல்லாம் சம்ப்புக்கு மேல, தடுப்புப் போட்ட தனி அறையில. ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழ ஒரு வளைவு தொங்கி மேல ஏறணும். ஒயர் வழியா ஓடி வர்ற தண்ணி அந்த வளைவுல சொட்டிடும், பிளக்குக்கு வராது. மாசத்துக்கு ஒரு தடவை ஆர்.சி.சி.பி.யோட டெஸ்ட் பட்டனை அழுத்துங்க. எங்க வீட்ல அது பொண்ணோட வேலை.

14/ வெளிநாட்டு வீடியோவுல தண்ணியைச் சூடாக்க ஹீட்டர் வைப்பாங்க. நம்ம ஊர் மே மாசத்துக்கு நமக்கு வேண்டியது குளிராக்குற சில்லர். தண்ணி 26 டிகிரி கிட்ட இருக்கணும். சில்லரை அலமாரிக்குள்ள பூட்டினா அது விடுற சூட்டுலயே அது திணறும். வெளிய, காத்தோட்டமா வைங்க. என் சில்லர் 400 வாட். நாளுக்கு 10 மணி நேரம் ஓடினா 4 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 240. பம்ப், விளக்கு சேர்த்தா 400 யூனிட்டைத் தொடுது. இலவச யூனிட் எந்த மூலைக்கு?

15/ கரண்ட் போனா? வீட்டு இன்வெர்ட்டர்ல சில்லரைப் போடாதீங்க. 50 வாட் ரிட்டர்ன் பம்ப் மட்டும். நல்ல நிலையில இருக்கிற 150 ஏ.எச். பேட்டரி, வேற எதுவும் இழுக்கலைன்னா, அதை ஒரு நாள் கிட்ட ஓட்டும். அதுக்கும் மேல ஒரு பேட்டரி ஏர் பம்ப். எமர்ஜென்சியில நாங்க முதல்ல பார்க்கிறது மூச்சுப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம். அழகு அந்த லிஸ்ட்லயே இல்ல.

16/ தண்ணி. நம்ம ஊர் போர் தண்ணி அப்படியே ஆகாது. ஆர்.ஓ.வில வடிகட்டி, மிச்ச உப்பையும் நீக்கி, பிறகு கடல் உப்பு மாவைக் கலக்கணும். லிட்டருக்கு சுமார் 35 கிராம். நாங்க ஏத்துற சலைன்ல லிட்டருக்கு 9 கிராம்தான், அதைப் போல நாலு மடங்கு! ஆவியாப் போறது வெறும் தண்ணிதான், உப்பு தொட்டியிலேயே தங்கிடும். அதனால தினமும் குறையுற அளவுக்கு உப்பில்லாத சுத்தத் தண்ணி ஊத்தணும். ஆர்.ஓ. கழிவுத் தண்ணியைச் சாக்கடையில விடாம வீடு துடைக்க, பாத்ரூம் கழுவப் பயன்படுத்துங்க. பாலாத்துல மணல் மட்டுமே பார்த்து வளர்ந்தவங்க நாம.

17/ தண்ணி ஊத்தின அன்னைக்கே மீன் விடாதீங்க. மீன் கழிவுல அம்மோனியா வரும். நம்ம உடம்புல அதை யூரியாவா மாத்துறது கல்லீரல். தொட்டியில அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாவும் பிறகு நைட்ரேட்டாவும் மாத்துறது பாக்டீரியா. அது போதுமான அளவு வளரப் பொதுவா 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரைக்கும் வெறும் கல்லையும் தண்ணியையும்தான் பார்த்துட்டு இருக்கணும். அந்தப் பொறுமை இல்லாதவங்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு சரிப்படாது.

18/ டாக்டரா ரெண்டு எச்சரிக்கை. அடையாளம் மாத்திச் சொல்றேன், ஒரு இளைஞர் விரல்ல கட்டியோட வந்தார். ரெண்டு மாசமா ஆறல, மணிக்கட்டு வரைக்கும் வரிசையா சின்னச் சின்னக் கட்டி. வீட்ல மீன் தொட்டி இருக்கான்னு கேட்டேன். இருந்துச்சு. விரல்ல வெட்டுக்காயத்தோட கழுவியிருக்கார். மைக்கோபாக்டீரியம் மரினம்னு ஒரு கிருமி, டி.பி. கிருமிக்குச் சொந்தக்காரன். ஆளுக்கு ஆள் தொத்தாது, ஆனா மாசக்கணக்குல மருந்து சாப்பிடணும். தோல் மருத்துவர்கிட்ட அனுப்பினேன். கையில காயம் இருந்தா தொட்டிக்குள்ள கை விடாதீங்க. விட்டே ஆகணும்னா நீளக் கையுறை. ஆறாத கட்டின்னா டாக்டர்கிட்ட தொட்டி விஷயத்தை நீங்களே சொல்லுங்க.

19/ ரெண்டாவது, பொத்தான் மாதிரி அழகா விரியுற சோயாந்திட்ங்கிற உயிரினம். அதுல சில வகையில பாலிடாக்சின் இருக்கும். நம்ம ஒவ்வொரு செல்லுலயும் வேலை செய்யுற சோடியம்-பொட்டாசியம் பம்பையே அது கெடுக்கும். மாற்று மருந்து கிடையாது. அது ஒட்டின கல்லைக் கொதிக்க வெச்சும் பிரஷ் போட்டுத் தேய்ச்சும் ஆவியை மூச்சுல இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போனவங்க உண்டு. 2018-ல இங்கிலாந்துல, ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்ல, தொட்டியைச் சுத்தம் பண்ணப் போய் ஒரு குடும்பமே ஆஸ்பத்திரியில சேர்ந்துச்சு. தொட்டிக் கல்லை ஒருநாளும் வேக வைக்காதீங்க.

20/ கடைசியா பவளம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல 21 தீவு, மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா, 1986-ல அறிவிச்சது. ஒரு காலத்துல அங்கிருந்து பவளப்பாறையை வண்டி வண்டியா வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டு போனாங்க. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லின்னு ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிடுச்சு. மிச்சம் இருந்த பவளமும் 2010-லயும் 2016-லயும் கடல் சூடேறி வெளுத்துச்சு. நம்ம சில்லர் காப்பாத்துற அந்த ரெண்டு டிகிரியைக் கடலுக்கு யார் தர்றது?

21/ கல் பவளங்கள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, 2001-லிருந்து. புலிக்கு இருக்கிற அதே அட்டவணை! செத்த துண்டும் குத்தம்தான். தண்டனை 3 முதல் 7 வருஷம் சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. "இது ஃபாரின் பவளம் சார்"னு சொல்லி விப்பாங்க. வெளிநாட்டிலிருந்து வர்றதுக்கும் சைட்டிஸ் ஒப்பந்தப்படி அனுமதி, இங்க பதிவுன்னு எல்லாம் இருக்கு. அந்தப் பேப்பரைக் கேளுங்க. அப்போ கடைக்காரர் முகத்தைப் பாருங்க.

22/ "பவளம் இல்லாம என்ன கடல் தொட்டி?"ன்னு கேப்பீங்க. என் தொட்டியில இருக்கிறது சுட்ட பீங்கான் கல். இப்போ அதுல தானா ஊதாநிறப் பாசி படிஞ்சிருக்கு. கோமாளி மீன் கடல்ல பிடிச்சதா இருக்க வேண்டாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் அதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வெச்சு வருஷக்கணக்காச்சு. கடையில "பண்ணையில பொரிச்சதா?"ன்னு கேட்டு வாங்குங்க. நாலு பேர் கேட்டாத்தான் அதைக் கொண்டு வந்து வைப்பாங்க.

23/ "ஏன் டாக்டர், மீனுக்குப் போய் இவ்வளவா?"ன்னு ஒருத்தர் நிச்சயம் கமெண்ட் போடுவார். தானா வந்த மீன் இல்லைங்க அது. நாம பிடிச்சு, நாலு கண்ணாடிக்குள்ள வெச்சு, மூச்சு உட்பட எல்லாத்துக்கும் நம்மளையே நம்பி இருக்கிற மாதிரி பண்ணிட்டோம். அட்மிஷன் போட்ட பிறகு "சும்மா ஒரு பேஷண்ட்தானே"ன்னு சொல்ல முடியுமா?

24/ அதனால வரிசை இதுதான்: தரை, சட்டம், மின்சாரம், சம்ப், சில்லர், பேட்டரி, தண்ணி, ஆறு வாரப் பொறுமை. மீன் கடைசி. பட்ஜெட் பாதியில தீர்ந்தா அங்கேயே நிறுத்துங்க. ரெண்டு அடியில நல்ல தண்ணித் தொட்டி வைங்க, அதுவும் அழகுதான், அதுலயும் குழந்தைங்க மூக்கை ஒட்டி நிப்பாங்க.

25/ போன மாசம் ராத்திரி மூணு மணி நேரம் கரண்ட் போச்சு. நான் டியூட்டியில இருந்தேன். வீட்லயிருந்து போன் வரல. பதறிப்போய் நானே கூப்பிட்டேன். பொண்ணு எடுத்து, "பம்ப் ஓடுதுப்பா, நீ பேஷண்டைப் பாரு"ன்னு வெச்சுட்டா.

உங்க கேள்விகளைக் கீழ கேளுங்க. பவளம் எங்க கிடைக்கும்ங்கிறதைத் தவிர மத்ததுக்கு நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன்.