வந்து போகும் ரயில் போதாது

1991ஆம் ஆண்டு ஜூலை மாதம் நமது தண்டவாளங்களில் ஒரு புதுமையான வண்டி புறப்பட்டது. பயணிகளுக்குப் பதிலாக ஆபரேஷன் தியேட்டரை ஏற்றிக்கொண்டு போன வண்டி அது. இம்பாக்ட் இந்தியா அறக்கட்டளையும் இந்திய ரயில்வேயும் சேர்ந்து ஓடவிட்ட 'ஜீவன் ரேகா' மருத்துவமனை ரயில். மருத்துவ வசதியற்ற ஊர்களின் ஸ்டேஷனில் சில வாரங்கள் நிற்கும். உதடு பிளந்து பிறந்த குழந்தைக்கும், போலியோவால் கால் முடங்கிய சிறுவனுக்கும் காசு வாங்காமல் ஆபரேஷன் செய்யும். பிறகு சிக்னல் விழும். அடுத்த ஊருக்குப் போய்விடும்.

ரயில்வேயில் உழைக்கும் நமக்கு இதில் பெருமை உண்டு. ஆனால், வண்டி போன மறுநாள் பிறக்கும் குழந்தைக்கு யார்?

குழந்தையின் நோய்க்குத் தனியாக ஒரு கால அட்டவணை இருக்கிறது. ஆசனவாய் இல்லாமல் பிறக்கும் சிசுவுக்கு நாட்கணக்கில்தான் அவகாசம். அன்னப் பிளவை ஏறத்தாழ ஒன்றரை வயதுக்குள் மூடாவிட்டால் பேச்சு குழறும். பாதம் உட்புறம் திரும்பிப் பிறந்த குழந்தைக்குப் பிறந்த சில வாரங்களிலேயே வாரம் ஒரு மாவுக்கட்டு போட வேண்டும். ஐந்தாறு கட்டுகளுக்குப் பின் பெரும்பாலும் குதிகால் தசைநாணில் ஒரு சிறு கீறல். அதன் பிறகு நான்கு வயது வரை தூங்கும்போது பட்டை பூட்டிய காலணி. பொன்செட்டி முறை என்று பெயர். செலவு குறைவு, ஆனால் ஒரே ஆஸ்பத்திரி ஆண்டுக்கணக்கில் கண் வைத்திருக்க வேண்டும்.

இது நம் நாட்டின் துயரம் மட்டுமல்ல. உலகில் சுமார் 170 கோடி குழந்தைகளுக்கும் இளம்பருவத்தினருக்கும் அறுவைச் சிகிச்சை எட்டாக்கனியாக இருந்தது என்று 2017ஆம் ஆண்டு நிலவரத்தைக் கணக்கிட்டவர்கள் சொன்னார்கள். ஏழை நாடுகளில்தான் நிலைமை மிக மோசம். உலக மக்களில் பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சை கிட்டவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் ஹால்ஃப்டான் மாலர் 1980லேயே எச்சரித்தார். ஆண்டுகள் நாற்பதுக்கு மேல் உருண்டோடிவிட்டன!

உலகக் கணக்கு இருக்கட்டும். நம் தெருவுக்கு வருவோம். இங்கே மும்பையில் கட்டட வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவரின் பெண் குழந்தைக்கு இரு பாதமும் வளைந்திருந்தன. மூன்று மாவுக்கட்டு போட்டார்கள். நான்காவதற்குப் போகவில்லை. வாரம் ஒரு நாள் தாயின் சித்தாள் கூலி போயிற்று. பிறகு வேலைத்தளம் நகரின் மறுகோடிக்கு மாறியது. அங்கிருந்த ஆஸ்பத்திரியில் பழைய சீட்டைக் கேட்டார்கள். மராத்தியில் சொன்னது இவர்களுக்குப் புரியவில்லை. இன்று மூன்று வயதில் அந்தக் குழந்தை பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடக்கிறது. மாவுக்கட்டில் முடிந்திருக்க வேண்டியது இனிப் பெரிய ஆபரேஷனில் போய் நிற்கலாம். அந்தக் குடும்பத்துக்கு ரேஷன் கார்டு மனு எழுதிக் கொடுத்தவர்கள் நாம்தான். குழந்தையின் காலைப் பற்றி நாம் கேட்கவில்லை. இந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2013இல் வந்த தேசிய குழந்தை நலத் திட்டம், 18 வயது வரை பரிசோதித்து இலவச சிகிச்சை தர வேண்டும் என்கிறது. பரிசோதனைக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும். மணல் குவியலில் விளையாடும் குழந்தை எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு திட்டத்தில் சேர்ந்த எந்த மாநிலத்திலும் செல்லும். ஆனால் பட்டியலில் பெயர் வேண்டும். இழந்த கூலியை அது தராது. நம் கவுண்டரிலும் இதே கதைதான். இதய ஆபரேஷனுக்குப் போகும் நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அன்னப் பிளவு ஆபரேஷனுக்குக் குழந்தையைத் தூக்கிப் போகும் தாய்க்கு இல்லை.

ஆகவே நாம் கோருவது இது: ஒவ்வொரு மாவட்ட ஆஸ்பத்திரியிலும் குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யவும், மயக்க மருந்து கொடுக்கவும் பயிற்சி பெற்ற டாக்டர்கள் நிரந்தரமாக இருக்க வேண்டும். பரிசோதனைக் குழு கட்டட வேலைத்தளங்களுக்கும் செல்ல வேண்டும். குழந்தையின் சிகிச்சைக்கு எந்த மாநிலக் கார்டு என்று கேட்கக் கூடாது. சிகிச்சை நாட்களுக்குத் தாய்க்குக் கூலி ஈடு தர வேண்டும். ரயில் சலுகைப் பட்டியலில் இந்தக் குழந்தைகளையும் சேர்க்க வேண்டும்.

கோரிக்கை வெல்லும் வரை கைகட்டி நிற்க முடியாது. ஒவ்வொரு கிளையிலும் மராத்தி தெரிந்த இரண்டு தோழர்கள் பெயர் கொடுங்கள். ஷிப்டு ஓய்வு நாளில் ஒரு தாயோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வாருங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல் சங்கத்தில் இருக்கட்டும். தளம் மாறினாலும் நான்காவது கட்டு தவறக் கூடாது.

மூன்று வயதுக் குழந்தை நமக்காகக் காத்திருக்கிறது. அந்தத் தாயோடு போக முதலில் வருபவர் யார்?