கூட்டத்தை விட்டு வந்த குரல்

வன்னிக் கோயில்களின் திருவிழா இரவுகளில் இசைக்குழு மேடையேறுவது வழக்கம். இளம் பாடகன் சினிமாப் பாட்டுக்களை அச்சொட்டாகப் பாடுகிறான், சபையோர் மகிழ்கின்றனர். ஆயினும், தானே எழுதி இசையமைத்த பாட்டொன்றைப் பாட அவனுக்கு அந்த மேடையில் இடங் கிடைப்பது அரிது. இதை ஒரு பெருங்குறை என்றே கருதுகிறேன்.

இத்தகைய இளைஞரின் பாதை பிறநாட்டில் எங்குச் சென்றது என்பதை நோக்குவோம். மேல்நாட்டில் 'ஈமோ' என்றோர் இசைவகை உண்டு. 1980களின் நடுப்பகுதியில் வாஷிங்டன் நகரத்து இளைஞர் குழுக்களிடையே அது பிறந்தது. உள்ளத்துக் காயத்தை ஒளிக்காமற் பாடுவது அதன் இயல்பு. புளோரிடா மாநிலத்துக் கிறிஸ் கராபா அவ்வழியில் வந்த குழுவொன்றிலே பாடியவர். அக்குழுவின் முதல் முழு இசைத்தட்டு 2001இல் வெளிவருமுன்னரே அவர் விலகினார். மின்கருவிகளின் இரைச்சலை ஒதுக்கி, பெரும்பாலும் ஒரு மரக் கிற்றாரையே துணைகொண்டு, தம் சொந்தப் பாட்டுக்களைப் பாடலானார். 2002இல் தொலைக்காட்சிக்காக அவர் பாடியபோது சபையோர் அடிக்கு அடி உடன் பாடினர். தனியொருவரின் துயரம் பலருடைய பாட்டாயிற்று!

நமக்கு இது முற்றிலும் புதியதன்று. கானல்வரியிலே கோவலன் மாதவியிடமிருந்து யாழை வாங்கித் தனித்துப் பாடினான் அன்றோ? அந்தக் கோவலன் கதையைக் கூத்தாக ஆடிவந்தது முல்லைத்தீவு மண். அண்மைக் காலத்திலோ, உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் 1960களின் பிற்பகுதியில் கிற்றாரும் கையுமாக நின்று, ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசைக்கு வழி திறந்தார். அவர் பாட்டுக்களிலே நகைச்சுவை மிகுதி. எனினும், நம் பேச்சுத் தமிழே பாட்டுக்குப் போதும் என்பதை அவர் காட்டிவிட்டார்.

வன்னிக்கு இது ஏன் வேண்டும்? 2009இல் முடிந்த போரைப் பற்றி 'மக்கள்', 'இழப்புகள்' என்று பன்மையிலேயே பேசப் பழகிவிட்டோம். கூட்டமாகப் பாடும் பாட்டுக்கள் நம்மிடம் ஏராளம் இருந்தன. ஆனால், திரும்பி வராத மகனை எண்ணி இரவிலே விழித்திருக்கும் தாய் தனியேதான் விழித்திருக்கிறாள். அவளுடைய தம்பியோ மகளோ கிற்றாரை எடுத்து அந்த ஓர் இரவை மட்டும் பாடட்டும். தன் துயரையே பாடுவது தன்னலம் என்று சிலர் கூறக்கூடும். உண்மையாகப் பாடப்பட்ட ஒருவரின் துயரிலே கேட்பவர் தம்முடையதைக் கண்டுகொள்வர் என்பதே அவர்களுக்கு என் விடை.

துயரைக் கொட்டிவிட்டால் மட்டும் பாட்டாகிவிடாது என்பதும் மெய்யே. சுருதிச் சுத்தமும் தாளக்கட்டும் வேண்டும். அவற்றைக் கற்பிக்கும் பள்ளி உள்ளூர் இசைக்குழுவே. ஆதலால் குழுவைப் பழிப்பது என் நோக்கமன்று. அங்குப் பயின்றவன் அங்கேயே நின்றுவிடலாகாது என்பதே என் கருத்து.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் உள்ள கோயிற் பரிபாலன சபையாருக்கும் பாடசாலை அதிபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விழா இரவிலே கால்மணி நேரத்தைச் சொந்தப் பாட்டுக்கென ஒதுக்குங்கள். முதற்பாட்டுத் தடுமாறலாம், சபையிலே சலசலப்பும் எழலாம். பொறுத்திருந்து கேளுங்கள். அடுத்த ஆண்டு அதே பிள்ளை இன்னும் நன்றாகப் பாடுவான்.