சாயும் நாற்றுகளும் ஆளறியா மருந்தும்

மாலையில் தண்ணீர் விட்டபோது நிமிர்ந்து நின்ற மிளகாய் நாற்றுகள் காலையில் வட்டம் வட்டமாகச் சாய்ந்து கிடக்கும். பிடுங்கிப் பார்த்தால் தண்டின் அடி நூல்போல மெலிந்து, வேர் பழுப்பேறி அழுகியிருக்கும். நாற்றழுகல் எனப்படும் இந்த நோய் வடக்கின் கமக்காரர்களுக்குப் புதிதல்ல. அடுத்து நடப்பதும் பழகிப்போனதுதான். கடைக்குப் போய் 'அழுகலுக்கு மருந்து' கேட்பார்கள், கொடுத்ததை அடிப்பார்கள், நோய் நிற்காவிட்டால் அளவைக் கூட்டுவார்கள். கடைசியில் 'இப்ப வாற மருந்து ஒண்டும் கேக்குதில்லை' என்ற முடிவுக்கு வருவார்கள்.

மருந்து கேட்காமல் போவதற்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். அவற்றைப் பிரித்தறியாததே நாற்றுமேடையில் நடக்கும் இழப்பின் பெரும்பகுதிக்கு வழிவிடுகிறது.

முதலாவது காரணம், ஆள்மாறாட்டம். அழுகல் என்பது ஓர் அறிகுறி மட்டுமே. அதற்குப் பின்னால் பித்தியம், ரைசொக்டோனியா, பியூசேரியம் எனப் பல நோய்க்காரணிகள் இருக்கலாம். இவற்றில் பித்தியம் பங்கசுபோலத் தோன்றினாலும் உண்மையான பங்கசு அல்ல. உயிரியல் உறவில் அது பழுப்புப் பாசிகளுக்கே நெருக்கமானது. ஈரமண்ணில் நீந்திச் செல்லும் வித்திகளை உருவாக்குவதால், தண்ணீர் தேங்கும் மேடையில் வேகமாகப் பரவும்.

பரவலாக அறியப்பட்ட காபென்டசிம், பங்கசுகளின் கலப்பிரிவைத் தடுக்கும் மருந்து. பியூசேரியத்தின் மீது அது வேலை செய்யலாம். பித்தியத்தை அது ஒன்றும் செய்யாது. சில சூழல்களில், பித்தியத்துடன் போட்டியிடும் மற்றப் பங்கசுகளை அழித்து நிலைமையை மோசமாக்கவும் கூடும். பித்தியத்துக்கென இருக்கும் மெற்றலக்சில், மறுபக்கத்தில் ரைசொக்டோனியாவைத் தொடாது. நோயாளியைப் பார்க்காமல் குளிசை கொடுப்பது போன்றதுதான் இது.

இரண்டாவது காரணம், உண்மையான எதிர்ப்புத்தன்மை. மெற்றலக்சில், காபென்டசிம் இரண்டும் நோய்க்காரணியின் உடலில் ஒரேயொரு இலக்கைத் தாக்குபவை. அந்த இலக்கில் சிறு மரபணு மாற்றம் ஏற்பட்ட சில உயிரிகள் தப்பிப் பெருகினால் போதும், மருந்து பயனற்றுப்போகும். 1970களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்த மெற்றலக்சில், 1980 அளவிலேயே அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் உருளைக்கிழங்கின் பின்வெளிறல் நோயிடம் தோற்றது. அந்த நோய்க்காரணி பித்தியத்தின் உறவினர். அதன் பின்னரே, மெற்றலக்சிலைத் தனியாக விற்காமல் பல இலக்குகளைத் தாக்கும் மன்கோசெப்புடன் கலந்து கொடுக்கும் வழக்கம் வலுப்பெற்றது.

இந்த இரண்டில் எது நடந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வுகூடத்தில் சொல்லலாம். அழுகிய வேரிலிருந்து நோய்க்காரணியைப் பிரித்தெடுத்து, மருந்தின் வெவ்வேறு செறிவுகள் கலந்த ஊடகத்தில் வளர்த்து, வளர்ச்சி பாதியாகக் குறையும் செறிவை அளப்பார்கள். அந்த அளவு முன்னரைவிடக் கூடிக்கொண்டே போனால், மருந்து தன் வலிமையை இழந்துவருகிறது என்று பொருள். பெறுமதியான கருவிகள் அதிகம் தேவைப்படாத சோதனை இது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. ஒவ்வொரு மாரியிலும் வடக்கின் நாற்றுமேடைகளிலிருந்து மாதிரிகளைப் பெற்று, முடிவுகளைத் தமிழில் வெளியிடும் ஒரு கண்காணிப்புத் திட்டம் எட்டாத கனவல்ல.

நிர்வாகத்தில்தான் ஓர் இடைவெளி இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பீடைநாசினிகளைப் பதிவதும் தடைசெய்வதும் மத்திய அரசின் பதிவாளரிடம் உள்ளன. கமக்காரரைத் தோட்டத்தில் சந்திப்பவரோ மாகாணத் திணைக்களத்தின் விவசாயப் போதனாசிரியர். எந்தத் தோட்டத்தில் எந்த மருந்து தோற்றது என்ற தகவல் கீழிருந்து மேலே போகாவிட்டால், பதிவுப் பட்டியல் காகிதமாகவே இருக்கும்.

2021 மே மாதம் இரசாயன உரம், பீடைநாசினி இறக்குமதியை அரசு ஒரே வர்த்தமானியில் தடுத்தது. நவம்பரில் தடை தளர்ந்தது. அன்றைய விவாதம் முழுவதும் 'இரசாயனம் வேண்டுமா, வேண்டாமா' என்பதாகவே இருந்தது. எந்த நோய்க்கு எது, எவ்வளவு, எத்தனை தடவை என்ற கேள்விக்கு அப்போதும் இடம் கிடைக்கவில்லை, இப்போதும் கிடைக்கவில்லை. சுண்ணக்கல் மேல் வாழ்ந்து, கிணற்றுநீரையே குடிக்கும் யாழ்ப்பாணத்தில், பயனின்றி மண்ணில் ஊற்றப்படும் ஒவ்வொரு போத்தலும் பண நட்டம் மட்டுமல்ல.

ஆய்வுகூடம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. மேடையை உயர்த்தி நீர் வடியவிடுவது, விதையை நெருக்கமாகப் போடாதது, வைக்கோல் எரித்தோ பொலித்தீன் மூடி வெயிலில் காயவைத்தோ மண்ணைத் தொற்றுநீக்குவது, ஒரே மருந்தைத் தொடர்ந்து பாவிக்காதது. இவை கமக்காரரின் கையில் உள்ளவை. அழுகிய நாற்றின் வேரில் இருப்பது எது என்று சொல்லவேண்டிய பொறுப்பு அரசின் கையில் உள்ளது. அதை இன்று மருந்துக்கடை முதலாளியிடம் விட்டிருக்கிறோம்.