உப்புக்காற்றில் பழைய பிக்கப்

புதுச்சேரியில் பழைய பிக்கப் வண்டிக்கு முதல் எதிரி மலைப்பாதை அல்ல, கடற்காற்று. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் வாசலிலேயே நிற்கும் வண்டியில் மேலே பெயின்ட் பளபளக்கும். சேசிஸின் உள்மடிப்பில் உப்பும் ஈரமும் தங்கித் துரு அரித்துக்கொண்டிருக்கும். சுத்தியால் மெல்லத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்னும். கெட்ட இடம் மொத்தென்று கேட்டு, செதில் செதிலாக உதிரும். அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்த பிறகே ஜவ்வாது, கல்வராயன் மலைப் பயணங்களைப் பற்றிப் பேசலாம். அடுத்தது ஸ்பிரிங் பட்டை, புஷ், பிரேக் ஹோஸ், ரேடியேட்டர். பலர் தொடங்குவதோ தலைகீழாக, பெரிய டயரிலும் கனத்த பம்பரிலும். டயரின் விட்டம் கூடினால் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது மட்கார்டில் உரசும். ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டும். பிரேக்குக்கும் வேலை கூடும். சட்டமும் இதற்கு இடம் தருவதில்லை. தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எனவே பம்பருக்கு எடுத்துவைத்த பணம் டிங்கர் பட்டறைக்குப் போவதே நியாயம். கடற்கரை மணலில் ஓட்டித் திரும்பினால் அன்றே அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும், மறுநாளுக்குத் தள்ளக்கூடாது.