ஃபிட்டுன்னா என்ன பாஸ்?



போன வாரம் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். அன்னிக்குத்தான் கேம்பஸ் இன்டர்வியூ ரிசல்ட். கேன்டீன் மூலையில் ஒரு தம்பி டீயைக் கூடத் தொடாமல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். வேலை கிடைத்த நண்பன் ஒருத்தன் அவன் முதுகில் தட்டி, "விடு மச்சி... சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டெஸ்ட்! டார்வினே சொல்லிட்டாரு, வலியதுதான் வாழும்"னு பஞ்ச் அடித்தான். சுற்றி இருந்தவங்க சிரிச்சாங்க. தம்பி சிரிக்கலை.

எனக்குத் தம்பியை நினைச்சும் பாவமா இருந்தது. டார்வினை நினைச்சும் பாவமா இருந்தது!

ஏன்னா, அந்த வார்த்தைகளை முதலில் எழுதினவர் டார்வின் இல்லை. 1864-ல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்பவர் எழுதியது அது. 1859-ல் வெளிவந்த தன் புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பில், 1869-ல்தான் டார்வின் அதைக் கடன் வாங்கிக்கிட்டார். அதுவும் 'வலியது' என்ற அர்த்தத்தில் இல்லை. துணிக்கடையில் பேன்ட்டைப் போட்டுப் பார்த்துட்டு, "கரெக்டா ஃபிட் ஆகுதுடா"ன்னு சொல்றோமே... அந்த ஃபிட்! ஜிம்முக்குப் போய் உடம்பை ஏத்துற ஃபிட் இல்லை. பேன்ட் உசத்தியா மட்டமா என்பது கேள்வியே இல்லை. உங்க இடுப்புக்குப் பொருந்துதா? அவ்வளவுதான்.

நம்பிக்கை வரலையா? வாங்க, ஒரு தீவுக்குப் போயிட்டு வரலாம்.

ஈக்வடார் நாட்டுக் கரையிலிருந்து மேற்கே சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலில் இருக்கிறது கலாபகாஸ் தீவுக்கூட்டம். 1835-ல் டார்வின் இறங்கிய அதே இடம். அங்கே டாஃப்னி மேஜர்னு ஒரு குட்டித் தீவு. அரை சதுர கிலோமீட்டர் கூடத் தேறாது. 1973-ல் பீட்டர் கிரான்ட், ரோஸ்மேரி கிரான்ட் என்ற விஞ்ஞானித் தம்பதி அங்கே ஆராய்ச்சியை ஆரம்பிச்சாங்க. வேலை என்ன தெரியுமா? ஃபிஞ்ச் என்ற சின்னக் குருவிகளைப் பிடிக்கணும். காலில் வளையம் மாட்டணும். காலிப்பரை வெச்சு அலகை அளக்கணும். விட்டுடணும். இதையே வருஷா வருஷம் செய்யணும். அப்படியே நாற்பது வருஷம்! நாம ஒரு ரெக்கார்டு நோட்டை முடிக்கவே மூக்கால அழறோம்.

1977-ல் அங்கே மழை பொய்த்துப்போனது. அந்தப் பருவத்தில் பெய்தது வெறும் 24 மில்லிமீட்டர். மெத்துமெத்துன்னு இருந்த சின்ன விதைகளைக் குருவிகள் முதலிலேயே தின்று தீர்த்தன. மிச்சம் இருந்தது பெரிய, கெட்டியான விதைகள். அதில் முக்கியமானது நெருஞ்சி. ஆமாங்க, செருப்பில் குத்துமே, நம்ம ஊர் நெருஞ்சி... அதோட சொந்தக்காரச் செடிதான். அந்த முள்ளுக்காயை உடைத்தால்தான் உள்ளே விதை கிடைக்கும். அதை உடைக்கத் தடித்த அலகு வேணும்.

விளைவு? தீவின் நடுத்தரத் தரை ஃபிஞ்ச்களில் நூற்றுக்கு 85 செத்துப்போச்சு. பீட்டர் போக் என்ற ஆராய்ச்சி மாணவர் (ஆமா, உங்களை மாதிரி ஒரு ஸ்டூடன்ட்தான்!) கணக்குப் பார்த்தார். வறட்சிக்கு முன்னால் சராசரி அலகுத் தடிமன் 9.42 மில்லிமீட்டர். பிழைத்தவற்றின் சராசரி 9.96. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான்!

இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுவோம். பசி வந்ததும் குருவிக்கு அலகு வளர்ந்துடுச்சுன்னு எழுதினா மார்க் அவுட்! எந்தக் குருவியும் தன் அலகை மாத்திக்கலை. உங்க கிளாஸில் ஒருத்தன் நெட்டை, ஒருத்தன் குட்டை என்கிற மாதிரி, அலகிலும் முன்னாடியே வித்தியாசம் இருந்தது. வறட்சி ஒரு சல்லடை மாதிரி சலிச்சது. அவ்வளவுதான். அலகின் அளவு அப்பா அம்மாகிட்ட இருந்து வர்ற சமாச்சாரம். 1978-ல் மழை வந்ததும் பிழைத்த குருவிகள் குஞ்சு பொரித்தன. அந்தக் குஞ்சுகளுக்குப் பழைய தலைமுறையைவிட 4, 5 சதவீதம் தடித்த அலகு. வித்தியாசம், வாரிசு, சல்லடை... இந்த மூணும் சேர்ந்தா அதுதான் இயற்கைத் தேர்வு. தலைமுறை தலைமுறையா அது நடந்தா பரிணாமம்.

"அப்போ பெரிய அலகுதானே ஜெயிச்சது? நண்பன் சொன்னது சரிதானே?"ன்னு கேட்கறீங்களா? பொறுங்க பாஸ், இப்பதான் இன்டர்வெல்!

1983-ல் எல் நினோ வந்து மழை கொட்டித் தீர்த்தது. 1,300 மில்லிமீட்டருக்கும் மேலே! கொடிகள் படர்ந்து நெருஞ்சியை அமுக்கிடுச்சு. எங்கே பார்த்தாலும் சின்ன விதைகள். அடுத்து வந்த வறண்ட காலத்தில் பெரிய குருவிகள்தான் அதிகமா செத்தன. பொடி விதையைப் பொறுக்கத் தெரிந்த சின்ன அலகுக்காரங்க தப்பிச்சாங்க.

கிளைமாக்ஸ் 2004-ல். மறுபடியும் வறட்சி. 1977 மாதிரியே தடித்த அலகு ஜெயிக்கணும், இல்லையா? ஜெயிக்கலை! காரணம், 1982-ல் பெரிய தரை ஃபிஞ்ச் என்ற வேறொரு இனம் தீவில் குடியேறி, நல்லா பெருகியிருந்தது. பெரிய விதைகளை எல்லாம் அது காலி பண்ணிடுச்சு. அதோட போட்டி போட்ட தடித்த அலகுக்காரங்க பட்டினி. சின்ன அலகு பிழைச்சது. அந்த வறட்சியில் யார் பிழைச்சாங்க என்பதோட தொடர்புள்ள ஹெச்.எம்.ஜி.ஏ.2 என்ற ஜீனைக்கூட 2016-ல் கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க.

அதே தீவு. அதே இனம். அதே மாதிரி வறட்சி. 1977-ல் ஹீரோ, 2004-ல் ஜீரோ!

இப்போ சொல்லுங்க... எந்த அலகு 'பெஸ்ட்'? பதிலே கிடையாது. எந்த வருஷம், பக்கத்தில் யாருன்னு முதலில் கேட்கணும். இயற்கை யாருக்கும் ரேங்க் கார்டு போடுவதில்லை. அதுக்குன்னு ஒரு இலக்கும் இல்லை.

அதுக்காக, "கவலைப்படாதே, உனக்கும் மழை வரும்"னு நான் டயலாக் விடப்போவதில்லை. செத்துப்போன குருவிகளுக்கு மழை வரலையே! உண்மையைச் சொல்லணும்னா, இன்டர்வியூவில் பல்பு வாங்குவதுக்கும் இயற்கைத் தேர்வுக்கும் சம்பந்தமே இல்லை. அது ஒரு நாள், ஒரு ரூம், நாலு கேள்வி. குருவியால அலகை மாத்த முடியாது. நாம ராத்திரி உட்கார்ந்து இன்னொண்ணு கத்துக்க முடியும். டீ வாங்கிக் கொடுக்க நண்பனும் இருப்பான். அந்த நண்பன் டார்வின் பெயரைச் சொல்லிக் குத்தாம இருந்தா இன்னும் நல்லது!

அன்னிக்கு அந்தத் தம்பிகிட்டயும் இந்தக் கதையைத்தான் சொன்னேன். முழுசாகக் கேட்டுட்டு, கொஞ்ச நேரம் யோசிச்சான். "அண்ணா, அப்போ அந்த நெருஞ்சிச் செடி? குருவி உடைக்க முடியாத காய்தானே முளைக்கும்? அப்படின்னா காயும் மாறிக்கிட்டே வருமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் காய்கள் மேல் குருவிகள் நடத்துற தேர்வை ஆராய்ச்சியாளர்கள் நிஜமாகவே அளந்துக்கிட்டு இருக்காங்க. இந்தக் கேள்வியைக் கேட்டவனையா ஃபிட் இல்லைன்னு சொன்னாங்க?

ஆறிப்போன டீயைத் தள்ளி வெச்சுட்டு, ரெண்டு பேருக்கும் சூடா வேற சொன்னேன்.

அடுத்த வாரம் பார்க்கலாமா?