அப்பா வாங்கிய லேண்ட்லைன்: உயிர் கொடுக்கலாமா, மூடிடலாமா?

இன்னைக்கு எஸ்ஐபி, டாக்ஸ் எதுவும் இல்ல. உங்க ஊர் வீட்டு ஹால்ல, துணி போட்டு மூடி வெச்சிருக்கிற அந்த லேண்ட்லைன் போன் பத்திப் பேசப் போறோம். சிரிக்காதீங்க, அதுக்குள்ளயும் உங்க குடும்பப் பணம் மாட்டியிருக்கலாம்.

எங்க வீடு பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ தென்னை மரத்தோட சேர்ந்து போன் கம்பியும் விழுந்தது. அன்னைக்குச் செத்த போன் திரும்பப் பேசவே இல்ல. அப்பா தவறினதுக்கு அப்புறம் அவரோட ஃபைலைப் பிரிச்சுப் பார்த்தேன். புயலுக்குப் பிறகும் 14 மாசம் பில் கட்டியிருக்கார். வாடகை 220 ரூபாய், அதுக்கு 18% ஜிஎஸ்டி, ஆக மாசம் 259.60. மொத்தம் 3,634 ரூபாய், டயல் டோனே வராத ஒரு போனுக்கு!

ஏன் கட்டினார்னு அம்மாகிட்ட கேட்டேன். "நம்பர் போயிடுமேடா"ன்னாங்க. வருஷக்கணக்கா காத்திருந்து கிடைச்ச நம்பர் அது. மத்தவங்க கணக்கைச் சரி பார்க்கிற சிஏ நான், எங்க வீட்டுக் கணக்கைத் திறந்தே பார்க்கல. அதான் எனக்கு உறுத்தல்.

அந்தக் காலத்துக்கான வாடகையைத் திருப்பித் தரச் சொல்லி எழுதினேன். "புகார் எண் இருக்கா?"ன்னு கேட்டாங்க. இல்ல. அப்பா ஒவ்வொரு தடவையும் தெருவுல லைன்மேனைப் பார்த்து வாயால சொல்லியிருக்கார், அவ்ளோதான். எழுத்துல எதுவும் இல்லாததால பணம் வரல. அதனால கஸ்டமர் கேர்ல சொல்லி எண் வாங்காத புகார், கணக்குல பதிவே ஆகாத புகார்னு வெச்சுக்கோங்க.

என் கருத்து இதுதான்: பழைய லைனை மீட்டெடுங்க, இல்லன்னா முறையா மூடுங்க. ரெண்டும் இல்லாம அந்தரத்துல விடாதீங்க. அப்படி விட்டா பாக்கி ஏறலாம், கட்டின டெபாசிட் தூங்கும்.

மூடறதா இருந்தா: பில் கட்டறதை நிறுத்தினா இணைப்பு முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. எழுத்துல விண்ணப்பம் கொடுங்க, கருவியைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்க, டெபாசிட் எங்கன்னு கேளுங்க. அப்பா பேர்ல இருந்து அவர் இல்லன்னா இறப்புச் சான்றிதழும் வாரிசு ஆவணமும் கேட்பாங்க. பழைய டெபாசிட் ரசீதைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

மீட்கறதா இருந்தா: பழைய செம்புக் கம்பியையே திரும்ப இழுக்கச் சொல்லாதீங்க. செம்புல எக்ஸ்சேஞ்ச்ல இருந்து வீடு தள்ளிப் போகப் போக இன்டர்நெட் வேகம் குறையும். ஃபைபர்ல அந்தத் தொல்லை இல்ல. அதே நிறுவனத்தோட ஃபைபர் உங்க தெருவுக்கு வந்திருந்தா, அதே நம்பரோட மாத்தித் தர முடியுமான்னு முதல்ல கேளுங்க. மொபைல் மாதிரி லேண்ட்லைன் நம்பரை வேற கம்பெனிக்கு போர்ட் பண்ண முடியாது. வேற கம்பெனிக்குப் போனா நம்பரை மறந்துட வேண்டியதுதான்.

இன்னொன்னு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்ச்ல இருந்தே கம்பி வழியா மின்சாரம் வந்தது. அதனாலதான் கரன்ட் போனாலும் பேச முடிஞ்சது. ஃபைபர்ல வீட்டு மோடத்துக்குக் கரன்ட் வேணும். வயசானவங்க தனியா இருக்கிற வீடுன்னா மோடத்தை இன்வெர்ட்டர்ல போடுங்க, இல்ல ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைங்க. இந்தச் செலவையும் பட்ஜெட்ல சேருங்க.

எந்த பிளான்? விளம்பரத்துல வர்ற விலைக்கு மேல 18% ஜிஎஸ்டி உண்டு. 499 ரூபாய் பிளான்னா கையிலிருந்து போறது 588.82. 999 பிளான்னா 1,178.82. வித்தியாசம் வருஷத்துக்கு 7,080 ரூபாய். 100 எம்பிபிஎஸ்னா நொடிக்கு 100 எம்பி இறங்கும்னு நினைக்காதீங்க. அது பிட் கணக்கு, எட்டால வகுத்தா 12.5 எம்பி. அம்மா சீரியல் பார்க்கிறதுக்கும், நீங்க லீவுக்கு வந்து வீடியோ மீட்டிங் போடறதுக்கும் சின்ன பிளானே தாராளம்.

ஒரு வருஷம் மொத்தமாக் கட்டினா இன்ஸ்டலேஷன் இலவசம்னு சொல்லுவாங்க. ஆசைப்படாதீங்க. முதல் மாசம் மட்டும் கட்டி, சாயங்கால நேரத்துல வேகம் எப்படி இருக்கு, பழுதானா எத்தனை நாள்ல ஆள் வர்றாங்கன்னு பாருங்க. திருப்தியா இருந்தா வருஷ பிளானுக்கு மாறுங்க.

பில் யார் பேர்ல? உங்க கம்பெனில இன்டர்நெட் ரீஇம்பர்ஸ்மென்ட் இருந்தா, பொதுவா பில் உங்க பேர்லயும் நீங்க வேலை பார்க்கிற முகவரிலயும் இருக்கணும்னு கேட்பாங்க. ஊர் வீட்டு பில்லை அதுல நுழைக்கப் பார்க்காதீங்க. அங்க இருக்கப் போறது அம்மாதான். நான் அவங்க பேருக்கே மாத்தினேன். நாளைக்குப் புகார் கொடுக்கணும்னா அவங்க என்னைத் தேட வேண்டியதில்ல.

பிரச்சினை வந்தா டிராய்க்கு எழுதினா போதும்னு பலர் நம்பறாங்க. டிராய் தனிநபர் புகாரை நேரடியா தீர்க்கிறது இல்ல. முதல்ல கஸ்டமர் கேர், அங்க தீரலன்னா அதே நிறுவனத்தோட மேல்முறையீட்டுப் பிரிவு. அப்புறம் மத்திய அரசோட குறைதீர்ப்புத் தளத்துல தொலைத்தொடர்புத் துறைக்குப் போகலாம். ஒவ்வொரு படியிலயும் முந்தின எண் கையில இருக்கணும்.

எங்க வீட்டுல என்ன ஆச்சு? பாக்கியைக் கட்டினோம். நல்லவேளை, நம்பர் வேற யாருக்கும் போகல. ஃபைபர்ல அதே நம்பர் வந்தது. கணக்குப்படி பார்த்தா அம்மாவுக்கு மொபைல் இருக்கு, லேண்ட்லைன் தேவையே இல்ல. ஆனா எங்க அத்தைக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச ஒரே நம்பர் அதுதான். எல்லாச் செலவுக்கும் ரிட்டர்ன் பார்க்கணும்னு நான் சொல்ல மாட்டேன். என்ன செலவு, எதுக்காகச் செலவுன்னு தெரிஞ்சு பண்ணுங்க, அது போதும். அப்பா எதுக்காகக் கட்டினார்னு அவருக்குத் தெரியும். எவ்ளோ போச்சுன்னுதான் யாரும் பார்த்துச் சொல்லல.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அந்த போனை எடுத்துக் காதுல வைங்க. டயல் டோன் வரலன்னா, உடனே கடைசி பில் எங்க இருக்குன்னு தேடுங்க.